திரையைத் திருப்பச் சொன்னவள்

காலை ஷிஃப்ட்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் ராட்டினங்கிணறு நிறுத்தம் வரைக்கும்தான் தூக்கம். அங்கே விஜயகுமாரி ஏறுவாள். முந்தின நாள் பார்த்த காஸ்டிங்கில், அதாவது இரும்பை உருக்கி வார்த்த உதிரிபாகத்தில், எந்த மூலையில் ஓட்டை ஒளிந்திருந்தது, மெஷின் அதை எப்படிக் காட்டிக் கொடுத்தது என்று படியில் கால் வைக்கும்போதே கதை ஆரம்பமாகிவிடும். துப்பட்டாவை முகத்தில் போர்த்திக்கொண்டு ஜன்னலில் சாய்ந்திருப்பவளையும் தோளைத் தட்டி எழுப்பிச் சொல்வாள். மறைமலைநகர் வருவதற்குள் பஸ்ஸில் இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் அந்த ஓட்டையின் நீள அகலம் மனப்பாடமாகியிருக்கும்.

திருக்கழுக்குன்றம் பக்கத்தில் நெல் போடுகிற குடும்பம் அவளுடையது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் எடுத்தபோது ஊரில் சிரித்தார்கள். அவளுக்கு அது காதில் ஏறவே இல்லை. படிப்பு முடிந்த கையோடு கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் சேர்ந்தாள். சில வருஷம் கழித்து அல்ட்ராசவுண்டு சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேதான் அவளுக்குப் பைத்தியம் பிடித்தது. இரும்பின் மேல் ஜெல்லைத் தடவி, தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றை அதன் மேல் நகர்த்த வேண்டும். காதுக்குக் கேட்காத ஒலி உள்ளே போய் அடிப்பக்கத்தில் மோதித் திரும்பி வரும். நடுவில் ஓட்டையோ வெடிப்போ இருந்தால் பாதி வழியிலேயே திரும்பிவிடும். திரையில் சட்டென்று ஒரு கோடு எழும்பி நிற்கும். இருபது வருஷமாக அந்தக் கோடு எழும்பும்போதெல்லாம், தூண்டிலில் மீன் மாட்டியவள் போலத் துள்ளிக்கொண்டுதான் இருந்தாள்.

நாற்பத்தைந்து வயதில் ஒரு நாள் காலை யூனிஃபார்ம் கோட்டுக்குப் பட்டன் போடும்போது வலது மார்பில் சுருக்கென்றது. தொட்டுப் பார்த்தாள். கோலிக்குண்டு போல ஏதோ உருண்டது. அன்று பஸ்ஸில் அவள் வாயைத் திறக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தலைவலி என்று சொல்லிச் சமாளித்தாள்.

ஆனால் பயந்துகொண்டே உட்கார்ந்திருக்கிற சுபாவம் அவளுக்கு இல்லை. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. முன்கையில் ஜெல்லைத் தடவி, இரும்புக்கு வைக்கிற கருவியை வைத்துப் பார்த்தாள். திரை முழுக்கப் புல் முளைத்த மாதிரி குட்டிக் குட்டிக் கோடுகள். தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. இன்னும் கொஞ்சம் ஜெல் தடவிக்கொண்டிருக்கும்போது சூப்பர்வைசர் சதாசிவம் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். என்ன செய்கிறாய் என்று கேட்டார். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. விஷயத்தை அப்படியே சொல்லிவிட்டாள். மனிதருக்கு முகம் சிவந்துபோயிற்று. சுவரைப் பார்த்துக்கொண்டே, இது இரும்புக்கான மெஷின், நாளைக்கே லீவ் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போ என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவள் கணவன் ஜெயக்குமார் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். அப்போது ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ராமேஸ்வரம் போயிருந்தான். போனில் விஷயத்தைக் கேட்டதும், தனியாகப் போக வேண்டாம் என்று தன் தங்கை பொன்னிக்குச் சொல்லிவிட்டான். பொன்னி மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, தேவனேரியில், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் டிபன் கடை வைத்திருப்பவள். அவள் வீட்டுக்காரன் ஆனந்தன் நெம்மேலியில், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் குழாய் வேலை பார்க்கிறான். அண்ணியும் நாத்தனாரும் சண்டைக்காரிகள் இல்லை. ஆனால் ஒருத்தி வாயை மற்றவள் மூட முடியாது. குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் இவர்கள் இரண்டு பேரின் குரல்தான் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

பொன்னி மறுநாள் முதல் பஸ் பிடித்துச் செங்கல்பட்டுக்கு வந்துவிட்டாள். ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் வயிற்றுப் பிள்ளைக்காரிகள். பக்கத்து நாற்காலிப் பெண்மணி விஜயகுமாரியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, விசேஷமா என்று குசுகுசுவென்று கேட்டாள். பொன்னி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் ரிசப்ஷன் பெண்ணே எழுந்து பார்த்தாள். அந்தச் சிரிப்பு விஜயகுமாரிக்கும் தொற்றிக்கொண்டது. பயத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

டாக்டர் ஷபானா முதலில் கையால் பரிசோதித்தார். நாற்பது தாண்டியவள் என்பதால் மேமோகிராம் எடுக்கச் சொன்னார். அது மார்பைத் தட்டையாக அழுத்தி எடுக்கிற எக்ஸ்ரே. பிறகு அல்ட்ராசவுண்டு அறைக்கு அழைத்தார். படுத்ததும் சில்லென்று ஜெல் விழுந்தது. கருவி மார்பின் மேல் மெல்ல நகர்ந்தது. விஜயகுமாரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. இருபது வருஷமாக அவள் கையில் இருந்த கருவியை இன்னொருத்தி அவள் மேலேயே வைத்து நகர்த்துகிறாள். திரையோ அந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது.

"மேடம், ஸ்கிரீன கொஞ்சம் என் பக்கம் திருப்புங்களேன். நானும் இந்த வேலைதான் பண்றேன், இரும்புல."

ஷபானா ஒரு கணம் யோசித்தார். பிறகு சிரித்துக்கொண்டே திரையைத் திருப்பினார். சாம்பல் நிறத்தில் அலை அலையாக ஏதேதோ தெரிந்தது. நடுவில் ஒரே ஒரு வட்டம், கன்னங்கரேலென்று.

"ஓட்டை," என்றாள் விஜயகுமாரி. "எங்க கம்பெனியா இருந்தா ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டிடுவேன் மேடம்."

"ஓட்டை இல்லீங்க, தண்ணி. தண்ணிக்குள்ள ஒலி தடங்கலே இல்லாம போயிடும். திருப்பி அனுப்ப அங்க ஒண்ணும் இல்ல, அதான் கருப்பா தெரியுது. ஓரம் எவ்வளவு வழவழன்னு இருக்கு பாருங்க. பின்னாடி பளிச்சுன்னு இருக்கு. இது வெறும் நீர்க்கட்டி. பயப்பட வேண்டிய கட்டி இல்ல."

விஜயகுமாரி வாயைப் பிளந்துவிட்டாள். இரும்பில் ஓட்டை இருந்தால் ஒலி மோதித் திரும்பும். இங்கே நேர் எதிர். திரும்பி எதுவும் வரவில்லை என்பதே நல்ல சேதியாக இருக்கிறது. தான் படித்த பாடத்தை யாரோ தலைகீழாகப் பிடித்து உலுக்கியது போல இருந்தது. கேள்வி மேல் கேள்வி கேட்டாள். கொழுப்பு எப்படித் தெரியும், கெட்டியான கட்டி எப்படித் தெரியும், பால் சுரக்கிற பகுதி எது. ஷபானாவும் சளைக்காமல் காட்டிக்கொண்டே போனார்.

வலி இருப்பதால் தண்ணீரை எடுத்துவிடலாம் என்றார். திரையைப் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்கினார். திரையில் அது வெள்ளைக் கோடாக உள்ளே வந்தது, வட்டத்தின் ஓரத்தைத் தொட்டது, உள்ளே நுழைந்தது. வட்டம் சுருங்கியது, இன்னும் சுருங்கியது, இருந்த இடம் தெரியாமல் போனது. சிரிஞ்சில் வெளிர் மஞ்சளாகக் கொஞ்சம் தண்ணீர். ஊசி குத்தின வலிகூட விஜயகுமாரிக்குத் தெரியவில்லை. துணியைச் சரிசெய்துகொள்வதற்கு முன்னாலேயே, "பொன்னி, இங்க ஓடியா, இன்னா மாயம்னு வந்து பாரு" என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

உள்ளே வந்த பொன்னியிடம் ஷபானா பேச்சுக்கொடுத்தார். வயது நாற்பத்திரண்டு. சின்னம்மா ஒருத்தி மார்பில் புண் வந்து இறந்துபோனவள். பொன்னி இதுவரை எந்தப் பரிசோதனையும் செய்துகொண்டதில்லை. வலி இல்லாதவர்களுக்காகத்தான் இந்தப் பரிசோதனையே, வலி வருவதற்கு முன்னால் பார்ப்பதற்குத்தான் என்று டாக்டர் சொன்னார்.

"எனக்கு இன்னா கீது? குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்," என்றாள் பொன்னி. கடை திறக்க நேரமாகிறது என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அதோடு விட்டால் அவள் விஜயகுமாரி இல்லை. பஸ்ஸில் இனி காஸ்டிங் கதை இல்லை. கருப்பு வட்டம் மறைந்த கதைதான். சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் பொன்னிக்குப் போன். எப்போது வருகிறாய், எந்தக் கிழமை வருகிறாய், கூட நான் வருகிறேன். பொன்னி வடை சுட்டுக்கொண்டே காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு திட்டுவாள். மார்கழி முழுக்க இந்தக் கூத்து நடந்தது. கடைசியில் பொன்னி ஒரு பந்தயம் வைத்தாள்.

"காணும் பொங்கல் அன்னிக்கு எங்க கடையாண்ட ஒரு நாள் முழுக்க நின்னு வேல செய். செஞ்சிட்டா, நீ சொல்ற எடத்துக்கு மறுபேச்சு பேசாம வரேன்."

காணும் பொங்கலன்று மாமல்லபுரம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட பந்தயம் என்று புரியும். வேன், லாரி, ஷேர் ஆட்டோ என்று சுற்றுவட்டாரமே கடற்கரைக்குக் கிளம்பிவிடும். விஜயகுமாரிக்கோ சமையல் சுமார்தான். அவள் வீட்டில் நல்ல சாம்பார் ஜெயக்குமார் வைப்பதுதான். ஆனால் விடியும்போதே தலையில் துண்டு கட்டிக்கொண்டு கடையில் வந்து நின்றாள். அவள் தட்டிய வடை ஒன்றுகூட வட்டமாக இல்லை. பூரி மாவில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. பொன்னி அவளை அடுப்படியிலிருந்து இழுத்து வெளியே நிறுத்தி, ஆளைக் கூப்பிடுகிற வேலையைக் கொடுத்தாள். அங்கே பிடித்தது அதிர்ஷ்டம். அண்ணி போட்ட சத்தத்தில் போகிற வேன்கள் பிரேக் போட்டு நின்றன. மாவு தீர்ந்து, ஆனந்தன் டிவிஎஸ்ஸில் ஓடி இன்னொரு அண்டா மாவு வாங்கிவந்தான். பொழுது சாய்ந்தபோது விஜயகுமாரியின் தொண்டை கட்டிப்போயிருந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஆனாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கரகரத்த குரலில், வர்ற வியாழக்கிழமை என்றாள்.

பொன்னி பேச்சு தவறவில்லை. வியாழக்கிழமை வந்தாள். மேமோகிராமில் அவளுடைய படம் முழுக்க வெள்ளையாக இருந்தது, ஜன்னலுக்கு வெளியே பனி மூட்டமாக இருப்பது போல. கட்டி எதுவும் தெரியவில்லை. பொன்னிக்கு வெற்றிக் களை. பார்த்தாயா, நான் என்ன சொன்னேன் என்று அண்ணியின் இடுப்பில் இடித்தாள். ஆனால் ஷபானா அவளை அனுப்பவில்லை. சில பெண்களுக்கு மார்பின் சதை அடர்த்தியாக இருக்கும், அது எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகத்தான் தெரியும், வெள்ளைக்குள் வெள்ளையைத் தேட முடியாது, அதனால் அல்ட்ராசவுண்டிலும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார்.

பொன்னி படுத்தாள். விஜயகுமாரி தலைமாட்டில் நின்றாள். திரையில் சாம்பல் அலைகள் ஓடின. இங்கே கொழுப்பு, அங்கே சதை என்று நாத்தனாருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தாள். இடது பக்கம் ஓர் இடத்தில் கருவி நின்றது. ஷபானாவின் கையும் நின்றது. கருவியைச் சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், திரையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு அளந்தார். வட்டமாக இல்லை. ஓரம் வழவழப்பாக இல்லை. பின்னால் பளிச்சென்று இல்லாமல் நிழல் விழுந்திருந்தது. கருப்பு வட்டத்தைப் பார்த்து ஓட்டை என்று உளறினவள் இந்தத் தடவை வாயைத் திறக்கவே இல்லை. பொன்னியின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"படத்த வச்சு நான் எதுவும் முடிவு சொல்ல மாட்டேன்," என்றார் ஷபானா. "சின்னதா சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாத்தான் தெரியும்."

மறுபடியும் திரையைப் பார்த்துக்கொண்டே ஊசி இறங்கியது. இந்த ஊசி வேறு. டப்பென்று சத்தம் போட்டுச் சதையைக் கவ்விக்கொண்டு வந்தது. அந்தச் சத்தத்துக்குப் பொன்னி திடுக்கிட்டாள், விஜயகுமாரியும் திடுக்கிட்டாள். ரிசல்ட் வரும் வரைக்கும் இரண்டு பேரும் போனில் சினிமா, சீரியல், பக்கத்துக் கடைக்காரன் என்று எல்லாம் பேசினார்கள், அதை மட்டும் பேசவில்லை.

ரிசல்ட் வந்தது. கேன்சர்தான். ஆனால் ரொம்பச் சின்னது. அக்குளுக்கு எதுவும் பரவியதாகத் தெரியவில்லை என்றார்கள். கேன்சர் என்ற சொல்லுக்கு அப்புறம் சொன்னது எதுவும் யார் காதிலும் சரியாக விழவில்லை. ஜெயக்குமார் வேனை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளேயே வராமல் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தான். விஜயகுமாரி போய்த் தோளைத் தொட்டதும், "நல்லா இருந்தவள இட்டுகினு போயி இப்டி பண்ட்டியே," என்றான். சொன்ன உடனே அது தப்பு என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் சொல்லிவிட்டான். பொன்னியோ போனையே எடுக்கவில்லை. ஆனந்தன் எடுத்து, அவள் தூங்குகிறாள் என்றான். பட்டப்பகலில், அடுப்பு எரிகிற சத்தம் பின்னால் கேட்கும்போது.

விஜயகுமாரி அந்த வாரம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சும்மா வந்தாள். நோயை நானா வைத்தேன் என்று ஒரு சமயம் கோபம் வரும். என் உற்சாகத்துக்கு அவளை இழுத்துவிட்டேனே என்று மறு சமயம் அழுகை வரும்.

சனிக்கிழமை சாயந்தரம் போன் அடித்தது. பொன்னிதான். எண்ணெயில் பஜ்ஜி பொரிகிற சத்தம் முதலில் கேட்டது.

"அண்ணி, டாக்டரம்மா அது எவ்ளோ பெருசுன்னு சொன்னாங்க?"

"பட்டாணி அளவுன்னாங்க."

"எனக்குக் கையில தட்டுப்படவே இல்லியே."

"தட்டுப்படாது. ஆழத்துல கீது, அவ்ளோ சின்னது. எக்ஸ்ரேலயே தெரில பாத்தியே."

கரண்டியால் பஜ்ஜியைத் திருப்பிப் போடுகிற சத்தம் கேட்டது.

"அப்ப பட்டாணியா கீறப்பவே புடிச்சிட்டமா?"

"புடிச்சிட்டோம் பொன்னி."

"அத மொதல்லயே இப்டி சொல்றதுக்கு இன்னா? எல்லாரும் சாவு வூட்டாட்டம் மூஞ்சிய வச்சிகினு சுத்தறீங்க." பொன்னியின் குரல் உடைந்து, உடனே சரியானது. "ஆப்பரேஷனுக்கு நீதான் கூட வரணும். எங்க அண்ணன் வேணாம், அழுதுகினே இருக்கும்."

போனை வைத்ததும் விஜயகுமாரி கூடத்துக்கும் சமையலறைக்கும் நாலு தடவை நடந்தாள். ஜெயக்குமாரை உலுக்கி விஷயத்தைச் சொன்னாள். அவனும் அவளும் அப்போதே வேனை எடுத்துக்கொண்டு தேவனேரிக்குப் போய், பொன்னி கையால் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பினார்கள்.

சென்னையில் ஆப்பரேஷன் நடந்தது. கட்டியை மட்டும் எடுத்து, மார்பை விட்டுவைக்க முடிந்தது. அதன் பிறகு பல வாரம் ரேடியேஷன், அப்புறம் தினமும் மாத்திரை. பொன்னிக்குக் களைப்பு இருந்தது, தோல் கறுத்தது, ஒரு மாசம் எதைச் சாப்பிட்டாலும் மண்ணாக இருந்தது. கடையை ஆனந்தன் ஷிஃப்ட் இல்லாத நேரத்தில் பார்த்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் விஜயகுமாரி வந்து நின்றாள். வடை இப்போது ஓரளவு வட்டமாக வர ஆரம்பித்திருந்தது. பொன்னி அதைக் கட்டிலில் படுத்தபடியே வாங்கிப் பார்த்துவிட்டு, தேறிவிடுவாய் என்றாள். அடுத்த வருஷப் பரிசோதனையில் எல்லாம் சுத்தம் என்று வந்தபோது அவளே கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் விஜயகுமாரியின் பேச்சு திரும்பிவந்தது, முன்பைவிட இரட்டிப்பாக. எல்லோரும் அல்ட்ராசவுண்டு எடுங்கள், அது போதும் என்று பிரசங்கம் செய்ய ஆரம்பித்தவளை ஷபானா ஒரு நாள் பிடித்துத் திருத்தினார். அது மட்டும் போதாது. நாற்பது தாண்டினால் முதலில் டாக்டர் பரிசோதனை, மேமோகிராம். சதை அடர்த்தியாக இருந்தாலோ, ஏதாவது தட்டுப்பட்டாலோ அதோடு அல்ட்ராசவுண்டு. சின்னப் பெண்களுக்குத் தேவைப்பட்டால் மட்டும். விஜயகுமாரி மறுநாளே பஸ்ஸில், நேற்று வரை நான் சொன்னது பாதிதான், மீதியைக் கேளுங்கள் என்று புதிதாக ஆரம்பித்தாள்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயக்குமாரின் வேன் நிறைய அந்தப் பஸ் பெண்கள் ஸ்கேன் சென்டருக்கு வந்து இறங்கினார்கள். வழியெல்லாம் பாட்டு, கைதட்டல். சென்டருக்குள் போய் உட்கார்ந்ததும் பாட்டெல்லாம் நின்றுவிட்டது. யார் முதலில் போவது என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். பெயின்ட் பிரிவில் வேலை செய்கிற பூங்கொடி, இன்னொரு நாள் வருகிறேனே என்று வாசல் பக்கம் நகர்ந்தாள். விஜயகுமாரி எழுந்திருப்பதற்குள், தேவனேரியிலிருந்து தூக்கு நிறைய வடையோடு வந்திருந்த பொன்னி எழுந்துவிட்டாள். தூக்கை அண்ணி மடியில் வைத்தாள். பூங்கொடியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல எக்ஸ்ரே, அப்பால ஜில்லுனு ஒண்ணு தடவுவாங்க, அவ்ளோதான். நான் உள்ள கூடவே நிக்கிறேன், வா."

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். வெளியே விஜயகுமாரியால் உட்கார முடியவில்லை. கதவுக்கும் நாற்காலிக்கும் நடந்தாள். கதவு திறந்தபோது பூங்கொடி முகமெல்லாம் வேர்த்துப்போய், சிரித்துக்கொண்டே நின்றாள். ஒன்றும் இல்லையாம் என்றாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ரிசப்ஷன் பெண் சத்தம் போட வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே, அடுத்து நான் என்று ஒருத்தி பையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.